பாதி நிழல் விழும் பாத்திக்கு எந்தப் புதர் ரோஜா பொருந்தும்?

கேள்வி: வாசல்மொட்டு

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டின் கிழக்குச் சுவரை ஒட்டி ஏறத்தாழ 12 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்ட ஒரு பாத்தி இருக்கிறது. காலையில் வெயில் நன்றாக விழுகிறது. நண்பகல் நெருங்கும்போது வீட்டின் நிழல் வந்து மூடிவிடுகிறது. பாத்தியின் ஒரு முனையில் வயதான பெரிய மரம் ஒன்று நிற்பதால், அந்தப் பக்கத்துக்குக் காலையிலும் இலைகளின் ஊடாகச் சிதறி வரும் ஒளிதான் கிடைக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே இடத்தில், படத்தில் பார்த்த அழகில் மயங்கி, அடுக்கடுக்கான இதழ்களைக் கொண்ட கருஞ்சிவப்பு ஹைப்ரிட் டீ ரோஜா (தண்டுக்கு ஒன்றாகப் பெரிய பூ தரும் வகை) ஒன்றை நட்டேன். கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போக, செடி வெளிச்சத்தைத் தேடிச் சாய்ந்து, மெலிந்த தண்டுகளாக வளர்ந்தது. ஆண்டு முழுவதும் பூத்தவை பத்துப் பூக்கள்கூட இருக்காது. மழை முடிந்ததும் அடியிலைகளில் கரும்புள்ளிகள் தோன்றின. புள்ளியைச் சுற்றி இலை மஞ்சளாகி, தொட்டாலே உதிர்ந்தது. சென்ற மாதம் அதை வேரோடு எடுத்துவிட்டேன்.

புதர் வகை ரோஜாக்கள் இத்தகைய இடத்தைத் தாங்கும் என்று படித்தேன். அதே பாத்தியில் மூன்று செடிகள் வைக்க விரும்புகிறேன். பூ பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. திரும்பத் திரும்பப் பூக்க வேண்டும், ஒன்றிலாவது மணம் இருக்க வேண்டும், மருந்து தெளித்துக்கொண்டே இருக்கும் நிலை வரக்கூடாது. எங்கள் பகுதியில் குளிர்காலம் மென்மையானது, உறைபனி விழுவதில்லை. எந்த வகைகளைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதைக் காரணத்துடன் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

மறுமொழி: வெயில்கணக்கு

வணக்கம். செடியின் பெயரைத் தேடுவதற்கு முன் வெயிலின் கணக்கை எடுத்துவிடுங்கள். "காலையில் நன்றாக விழுகிறது" என்பது மூன்று மணி நேரமாகவும் இருக்கலாம், ஐந்து மணி நேரமாகவும் இருக்கலாம். அந்த இரண்டு மணி நேர வேறுபாடுதான் செடி பூக்குமா, வெறும் இலையாக நிற்குமா என்பதைத் தீர்மானிக்கும்.

பாத்தியில் மூன்று குச்சிகளை ஊன்றுங்கள்: மரத்தடியில் ஒன்று, நடுவில் ஒன்று, மறுமுனையில் ஒன்று. மேகமில்லாத ஒரு நாளில், சூரியன் எழுந்தது முதல் மணிக்கு ஒருமுறை போய், ஒவ்வொரு குச்சியின் மீதும் நேர் வெயில் விழுகிறதா, சல்லடை ஒளி விழுகிறதா, முழு நிழலா என்று எழுதி வையுங்கள். நேர் வெயிலில் குச்சியின் நிழல் கூர்மையான விளிம்போடு தரையில் விழும். சல்லடை ஒளியில் அந்த நிழல் கலங்கி, விட்டுவிட்டுத் தெரியும். சூரியனின் பாதை பருவத்துக்குப் பருவம் நகர்வதால், இதே கணக்கை இரண்டு மூன்று மாதம் கழித்து மீண்டும் ஒருமுறை எடுப்பது நல்லது.

ரோஜாவுக்கு நாளொன்றுக்கு 6 மணி நேர நேர் வெயில் வேண்டும் என்பது பொது விதி. நிழலைத் தாங்கும் புதர் வகைகள் 4 மணி நேரத்தில் ஓரளவு நன்றாகவே பூக்கும். அதற்கும் கீழே போனால் எந்த ரோஜாவும் உயிரோடு இருக்குமே தவிர, மனம் நிறையப் பூக்காது. அந்த இடத்தை இலையழகுச் செடிகளுக்கு விட்டுவிடுவதே செடிக்கும் உங்களுக்கும் நல்லது.

உங்களுக்கு ஒரு பெரிய சாதகம் இருக்கிறது: கிடைப்பது காலை வெயில். இதன் அருமையைப் பலர் உணர்வதில்லை. கரும்புள்ளி நோயை உண்டாக்கும் பூஞ்சையின் வித்துகள் இலைக்குள் நுழைய வேண்டுமானால், இலை ஏறத்தாழ 7 மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். இரவில் படிந்த பனித்துளியைக் காலை வெயில் சீக்கிரமே உலர்த்திவிட்டால் அந்த நேரம் நிறைவதில்லை. மாலை வெயில் மட்டும் விழும் பாத்தியில், அதே 4 மணி நேரம் கிடைத்தாலும், இலைகள் நண்பகல் வரை ஈரத்தோடு நிற்கும். போதாததற்கு, மாலை வெயிலின் சூடு இதழ்களை வாட்டி நிறத்தையும் வெளுக்கச் செய்யும்.

இலையில் வெண்பொடி தூவியது போலப் படரும் சாம்பல் நோயின் போக்கு வேறு. அதற்கு இலையின் மீது நீர் தேவையில்லை; காற்றில் ஈரப்பதம் மிகுந்து, செடிகள் நெருக்கமாக, காற்றோட்டமில்லாமல் இருந்தாலே போதும். நிழலும் சுவரும் சேர்ந்த இடத்தில் அது எளிதாக வரும். ஆகவே செடிகளுக்கு இடையே தாராளமாக இடைவெளி விடுவது உங்கள் பாத்திக்கு மிக முக்கியம். மூன்று செடி என்று சொன்னீர்கள். 12 அடியில் மூன்று நெருக்கமாகிவிடுமோ என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுமொழி: பழையகொடி

வணக்கம். உங்கள் முதல் செடி தோற்றது உங்கள் கவனக்குறைவால் அல்ல. அந்த இடத்துக்கு ஒவ்வாத வகையை நட்டதால்தான். ஐம்பது அறுபது இதழ்கள் கொண்ட பூவைக் கட்டி எழுப்ப ஒரு செடிக்கு மிகுந்த ஒளி வேண்டும். நிழலில் அத்தகைய மொட்டு பாதி விரிந்து நின்றுவிடும். ஈரமும் சேர்ந்தால் வெளியிதழ்கள் ஒட்டிக்கொண்டு, மொட்டு விரியாமலேயே பழுப்பாகி அழுகும். ஐந்து இதழ் முதல் இருபது இதழ் வரை உள்ள சிறு பூக்களைக் கொத்தாகத் தரும் வகைகள் அப்படியல்ல. குறைந்த ஒளியிலும் அவை முழுதாக விரியும், கொத்தில் பாதி மொட்டு போனாலும் மீதிப் பூக்கள் கண்ணுக்கு நிறைவாக இருக்கும்.

நிறத்தையும் கவனியுங்கள். கருஞ்சிவப்பும் ஊதாவும் நிழலில் இலையோடு கலந்து மறைந்துவிடும். வெண்மை, வெளிர் இளஞ்சிவப்பு, பாலேட்டு நிறம், இளமஞ்சள் ஆகியவையோ மாலை மங்கிய பிறகும் தனித்து ஒளிரும்.

இந்த இரண்டு தன்மைகளும் ஒருங்கே அமைந்த குழு ஹைப்ரிட் மஸ்க் எனப்படும் புதர் ரோஜாக்கள். பாதி நிழலுக்கு ரோஜா வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இவற்றைத்தான். இங்கிலாந்தில் ஜோசப் பெம்பர்டன் என்ற பாதிரியார் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவற்றை உருவாக்கினார். ஜெர்மனியின் பீட்டர் லாம்பர்ட் 1904இல் வெளியிட்ட 'ட்ரையர்' என்ற வகையைக் கொண்டு தொடங்கிய பணி அது. பெம்பர்டன் 1926இல் மறைந்தபின், அவரிடம் வேலை பார்த்த பெண்டால் குடும்பத்தினர் அதைத் தொடர்ந்தார்கள்.

இவற்றுள் உங்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது 1937இல் வெளிவந்த 'பாலெரினா'. ஐந்தே இதழ்கள், வெளிர் இளஞ்சிவப்பு ஓரம், நடுவில் வெள்ளைக் கண், அதற்குள் மஞ்சள் மகரந்தம் என ஒவ்வொரு பூவும் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியதாக இருக்கும். ஆனால் ஒரு கொத்தில் பல பத்துப் பூக்கள் ஒன்றாக விரிந்து, தூரத்திலிருந்து பார்க்கும்போது ஒரே பெரிய பூவைப் போலத் தோன்றும். ஏறத்தாழ 4 அடி உயரமும் அதே அளவு பரப்பும் கொண்டு வட்டமாக வளரும். மணம் மிகக் குறைவு என்பது மட்டுமே குறை.

மணத்துக்காக 'ஃபெலிசியா' வையுங்கள். 1928இல் வந்த இதன் மொட்டு சால்மன் கலந்த இளஞ்சிவப்பாகத் தொடங்கி, விரிய விரிய வெளிறும். பூவருகே குனியத் தேவையில்லை; கதவைத் திறந்தாலே மணம் வந்து சேரும். பாலேட்டு நிறம் பிடிக்குமானால் 1924இன் 'பெனலோப்பி', மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம் பிடிக்குமானால் 1939இன் 'பஃப் பியூட்டி' ஆகியவையும் நல்லவைதான்; ஆனால் 'பஃப் பியூட்டி' வளைந்து நீண்டு பரவும் இயல்புடையது, 5 அடிப் பாத்தியில் அதை அடக்கி வைப்பது கடினம்.

பலருக்கும் தெரிந்த வெள்ளை ரோஜாவான 'ஐஸ்பெர்க்' ஃப்ளோரிபண்டா எனப்படும், கொத்தாகப் பூக்கும் வகையைச் சேர்ந்தது. ஜெர்மனியின் கோர்டஸ் நிறுவனம் 1958இல் வெளியிட்டது. அதன் பெற்றோரில் ஒன்று பெம்பர்டனின் 'ராபின் ஹுட்' என்ற ஹைப்ரிட் மஸ்க். பாதி நிழலில் அது பூப்பதற்கு அந்த வழிவந்த குணமும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். ஆயினும் ஈரமான இடங்களில் 'ஐஸ்பெர்க்' கரும்புள்ளிக்கு எளிதில் ஆட்படும்; ஏற்கெனவே அந்த நோயைப் பார்த்த உங்கள் பாத்திக்கு அதை நான் முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன்.

மறுமொழி: கவாத்துக்கத்தி

வணக்கம். பழையகொடி அவர்கள் சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். 'ஐஸ்பெர்க்' பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கையைச் சேர்க்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நாற்றங்கால் ஒன்றில் 'ஐஸ்பெர்க்' என்ற சீட்டோடு ஒரு கன்று வாங்கினேன். முதல் ஆண்டில் ஆறடிக்கு மேல் நீண்ட நான்கு தண்டுகள் வந்தன, பூவே இல்லை. நிழலால்தான் இப்படி நீள்கிறது என்று முடிவுசெய்து, முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன். அடுத்த ஆண்டும் அதே கதை. பிறகுதான் அது புதரே அல்ல, அதே ரோஜாவின் கொடி வடிவம் என்பது புரிந்தது. கொடி வடிவம் முதிர்ந்த தண்டுகளில்தான் நிறையப் பூக்கும். அந்தத் தண்டுகளை ஆண்டுதோறும் நானே வெட்டி எறிந்துகொண்டிருந்தேன். ஒரே பெயரில் புதரும் கொடியும் இருக்கும் வகைகள் பல உண்டு. கன்று வாங்கும்போது எது என்பதைத் தெளிவாகக் கேட்டு வாங்குங்கள்.

மணத்தைவிட நோயெதிர்ப்பே முக்கியம் என்று நீங்கள் முடிவுசெய்தால், வில்லியம் ராட்லர் உருவாக்கி 2000இல் வெளிவந்த 'நாக் அவுட்' வகையை எண்ணிப் பாருங்கள். கரும்புள்ளியை எதிர்த்து நிற்பதில் அது பெயர்பெற்றது. வாடிய பூக்களைத் தானே உதிர்த்துவிடும். மணம் மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. மெய்லாண்ட் நிறுவனத்தின் 'போனிகா'வும் உறுதியான செடிதான்; வெளிர் இளஞ்சிவப்புக் கொத்துகள் தரும்.

நிழல் தாங்கும் ரோஜாக்களின் பட்டியல்களில் ஆல்பா என்ற பழைய குழு தவறாமல் இடம்பெறும். அவை உண்மையிலேயே நிழலைத் தாங்குபவை, மணமும் மிக அருமையானது. ஆனால் ஆண்டுக்கு ஒரே முறைதான் பூக்கும். அப்படிப் பூப்பதற்கும் குளிர்காலத்தில் நல்ல குளிர் வேண்டும். உறைபனியே இல்லாத உங்கள் இடத்துக்கு அவை பொருந்தா. 'செஃபிரீன் த்ரூஆன்' என்ற 1868ஆம் ஆண்டின் முள்ளில்லா ரோஜாவையும் நிழலுக்கு உகந்தது என்று சொல்வார்கள். அதற்குக் கரும்புள்ளி மிக எளிதில் வரும் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

மரத்தடி முனையில் எந்த ரோஜாவையும் நட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அங்கே சிக்கல் ஒளிக் குறைவோடு முடிவதில்லை. தரைக்குக் கீழே மரத்தின் வேர்கள் பரவியிருக்கும். நீங்கள் ஊற்றும் நீரையும் இடும் எருவையும் அவையே முதலில் உறிஞ்சிக்கொள்ளும். ஒரு கைக்கொத்தால் அரை அடி தோண்டிப் பாருங்கள். நூல்போன்ற வேர்கள் பின்னலாகக் கிடந்தால், அந்த இடம் மரத்துடையது.

வாசல்மொட்டு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மேகமே இல்லாத நாளாக அமைந்ததால் குச்சிகளை ஊன்றிக் கணக்கெடுத்தேன். நடுக்குச்சிக்கு 7 மணி முதல் 11.30 வரை நேர் வெயில். மறுமுனைக் குச்சிக்கு 6.30 முதல் 11.30 வரை. மரத்தடிக் குச்சிக்கு ஒரு மணி நேரம்கூட முழுதாக நேர் வெயில் விழவில்லை. அங்கே தோண்டியும் பார்த்தேன். நான்கு விரற்கடை ஆழத்திலேயே வேர்கள் பின்னிக் கிடந்தன. ஆகவே அந்த 4 அடியை விட்டுவிடுகிறேன். மீதமுள்ள 8 அடியில் இரண்டே செடிகள்: 'பாலெரினா' ஒன்று, 'ஃபெலிசியா' ஒன்று.

இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எந்தச் செடியை எந்தப் பக்கம் வைப்பது? பழைய செடியை எடுத்த குழி நடுக்குச்சிக்கு அருகிலேயே இருக்கிறது. அதிலேயே புதுக் கன்றை நட்டுவிடலாமா?

மறுமொழி: கவாத்துக்கத்தி

அந்தக் குழியில் அப்படியே நட வேண்டாம். ரோஜா வளர்ந்த மண்ணில் உடனே இன்னொரு ரோஜாவை வைத்தால், புதுக் கன்று காரணம் தெரியாமல் குன்றி, வேர்விடாமல் நிற்பது அடிக்கடி நடக்கும். பழைய வேர்களோடு மண்ணில் தங்கிவிடும் நுண்ணுயிர்களே இதற்குக் காரணமாகக் கருதப்படுகின்றன. குழியை இரண்டு அடி தள்ள முடிந்தால் தள்ளுங்கள். முடியாவிட்டால் 2 அடி அகலத்துக்கும் ஒன்றரை அடி ஆழத்துக்கும் மண்ணை எடுத்துவிட்டு, தோட்டத்தில் ரோஜாவே வளராத வேறு இடத்து மண்ணை மட்கிய எருவோடு கலந்து நிரப்புங்கள். எடுத்த மண் வீணல்ல; மற்றச் செடிகளுக்கு அது எந்தத் தீங்கும் செய்யாது. பாத்தியில் உதிர்ந்து கிடக்கும் பழைய ரோஜா இலைகளையும் ஒன்றுவிடாமல் பொறுக்கி அகற்றுங்கள். கரும்புள்ளிப் பூஞ்சை அந்தச் சருகுகளில் தங்கியிருந்து, அடுத்த மழையில் தெறிக்கும் நீரோடு புது இலைகளுக்கு ஏறும்.

'ஃபெலிசியா'வின் பூக்களில் இதழ் மிகுதி என்பதால், 5 மணி நேர வெயில் விழும் மறுமுனையை அதற்குக் கொடுங்கள். ஐந்திதழ் 'பாலெரினா' நடுவில் நாலரை மணி நேரத்தோடு நன்றாக இருக்கும். இரண்டையும் சுவரிலிருந்து குறைந்தது இரண்டரை அடி தள்ளி வையுங்கள். சுவரோரத்து மண்ணுக்கு மழை சரியாக எட்டாது, சுவருக்கும் செடிக்கும் இடையே காற்றும் போய்வர வேண்டும்.

கவாத்து செய்யும்போது, வெயிலில் நிற்கும் ரோஜாவைப் போல இவற்றைக் குட்டையாக வெட்டிவிடாதீர்கள். நிழலில் நிற்கும் செடிக்கு ஒவ்வோர் இலையும் உணவு தேடித் தரும் உறுப்பு. இழந்ததைத் திரும்ப வளர்க்க அதற்கு நெடுநாள் ஆகும். ஆண்டுக்கு ஒருமுறை உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் குறைத்து, காய்ந்தவற்றையும் குறுக்கே உரசும் தண்டுகளையும் எடுத்தால் போதும். மூன்றாம் ஆண்டு முதல், மிக முதிர்ந்த ஒரு தண்டை மட்டும் அடியோடு நீக்கினால் புதுத் தண்டுக்கு இடம் கிடைக்கும். வாடிய கொத்தை அதன் கீழே உள்ள முதல் நல்ல இலைக்கு மேலே வெட்டுங்கள். நீளமான தண்டோடு சேர்த்து வெட்டுவது இங்கே தேவையில்லை.

மறுமொழி: வெயில்கணக்கு

நாலரை மணி நேரமும் ஐந்து மணி நேரமும் காலை வெயில் என்பது இந்த இரண்டு செடிகளுக்கும் நல்ல கணக்கு. உரத்தைப் பற்றி ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பூ குறைகிறதே என்று தழைச்சத்து மிகுந்த உரத்தைக் கூட்டிப் போடுவது நிழல் தோட்டத்தில் பலரும் செய்யும் தவறு. அது மென்மையான, நீர் கோத்த தளிர்களைத்தான் கொண்டுவரும். சாம்பல் நோயும் அசுவினியும் முதலில் பிடிப்பது அத்தகைய தளிர்களைத்தான். மட்கிய தொழு உரத்தைப் பருவத்துக்கு ஒருமுறை இட்டு, மேலே இரண்டு அங்குலக் கனத்துக்கு மூடாக்கு (சருகு, வைக்கோல் போன்றவற்றால் மண்ணை மூடும் போர்வை) போடுங்கள். தண்டை ஒட்டி மட்டும் ஒரு கையகலம் வெறுமையாக விடுங்கள். நிழல் மண் மேலே உலர்ந்து தெரிந்தாலும் உள்ளே ஈரம் காத்திருக்கும். ஆகவே விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும், காலையில், இலை நனையாமல் அடியில் நீர் ஊற்றுங்கள்.

இப்போதே நட்டுவிட வேண்டும் என்ற அவசரம் இல்லையென்றால், கன்றுகளைத் தொட்டியோடு கொண்டுவந்து, நடப்போகும் இடத்திலேயே இரண்டு மாதம் வைத்துப் பாருங்கள். புதுத் தளிர்கள் எல்லாப் பக்கமும் சமமாக வந்தால் அங்கேயே குழி தோண்டலாம். எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தால், தொட்டியை அந்தப் பக்கம் ஓரடி நகர்த்திவிட்டு மீண்டும் பாருங்கள்.

வாசல்மொட்டு

அப்படியே செய்கிறேன். பழைய குழியின் மண்ணை இன்று மாலை எடுத்துவிட்டேன்; சருகுகளையும் ஒரு கூடை நிறையப் பொறுக்கி அகற்றினேன். குச்சிகளை மட்டும் பிடுங்கவில்லை. இரண்டு மாதம் கழித்து மறுகணக்கு எடுத்தபின், தொட்டிகள் எங்கே நிற்கின்றன என்பதையும் தளிர்கள் எப்படி வந்திருக்கின்றன என்பதையும் இதே இடத்தில் எழுதுகிறேன்.